நாடகத்துக்கு நான் வெச்ச பேனர்

நைனா, அப்பன் பேசறேன். எழுத்துன்னா எனக்கு கையெழுத்து மட்டும்தான் வரும்னு உனக்குத் தெரியும். அதுகூட ஒரு தபா போட்ட மாதிரி இன்னொரு தபா வராது. நம்ம டைலர் கடை செல்விதான் போன்ல ஒரு மைக்கு படத்தக் காட்டி, "இத அமுக்கிகினு பேசுங்க மாமா, அதுவே எழுதிக்கும்"னுச்சி. நடுவுல கோழி கூவுனா அதயும் எழுதிக்குமான்னு கேட்டேன். "நீங்க பேசறத மட்டும்தான் எழுதும், கூவுறத எழுதாது"ன்னு சிரிச்சிது. சதுரங்கப்பட்டினத்துக்கு இந்தாண்ட சவுக்குத் தோப்புல வண்டிய நிறுத்திட்டு குந்திகினு கீறேன். லோடு ஏத்தற ஆளுங்க கஞ்சி குடிக்கப் போயிட்டாங்க. அவங்க போனா சீக்கிரத்துல வர மாட்டாங்க. அதுக்குள்ள சொல்லிடலாம்னு பாக்கறேன்.

நீ அந்த ஊருக்கு வேலைக்குப் போனதுலேர்ந்து தெனம் போன் பண்ற. சாப்டியாப்பாங்கற, வண்டி ஓடுதாப்பாங்கற, முட்டி வலி எப்பிடி கீதுன்னு கேக்கற. எல்லாத்துக்கும் ம்ங்கறேன். ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஆனா அந்த நாடகத்தப் பத்தி நான் வாயத் தொறந்தா மட்டும், "அத வுடுப்பா, ஒண்ணும் இல்லப்பா"ங்கற. எங்க வுடறது நைனா? வூட்டுக்குள்ள வுட்டா அங்கியே சுத்தி வருது. வண்டில ஏத்திகினு போனா கூடவே வருது. அதான் நீ குறுக்க பேச முடியாத மாதிரி இதுல சொல்லிடறேன். படிச்சிட்டு நீ ஒண்ணும் சொல்ல வோணாம்.

உங்க காலேஜி கடைசி வருசம். ஒரு நாயித்துக்கெழம நீ வூட்டுக்கு வந்து, நாஸ்தா துன்னாம மொகத்தத் தொங்கப் போட்டுகினு இருந்த. அம்மா யாராச்சும் பொண்ணு விசயமோன்னு பயந்துட்டா. அவளுக்கு எப்பவும் அந்த ஞாபகம்தான். உன்ன திருவிடந்தைக்கு இட்டுகினு போயி, கழுத்துல மாலயப் போட்டு, கோயில சுத்தி வர வெச்சிடணும்னு அப்பவே சொல்லிகினு இருந்தா. அந்தக் கோயில்ல கண்ணாலம் ஆவாதவங்க மாலயோட சுத்தறதப் பாத்திருக்கியே, ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்காம வேகவேகமா நடப்பாங்க. உன் சின்ன அத்தைய நான்தான் இட்டுகினு போனேன். அவ மூணாஞ்சுத்துல மால அறுந்து... சரி, அது இன்னொரு கதை. நீ மொகத்தத் தொங்கப் போட்டது பொண்ணுக்காவ இல்ல. "ஆளே வர மாட்டேங்கறாங்கப்பா"ன்ன.

நீயும் வினோத்தும் எழுதுன நாடகம் அது. ஒரு ஏரிய மூடி அடுக்குமாடி கட்டிடறாங்க. அப்பால ஒரு நாள் அந்த ஏரியே ஆளு மாதிரி கெளம்பி வந்து, ஒவ்வொரு வூட்டுக் கதவாத் தட்டி எடம் கேக்குது. நீதான் ஏரி. வினோத்து வாச்மேன். எங்க கட்டுனாங்கன்னு நீங்க சொல்லல, காலேஜிக்கு படூருல பஸ்ஸ வுட்டு எறங்கி சுத்தி நிக்கற அடுக்குமாடிங்களப் பாக்கறவனுக்கு சொல்லவும் வோணாம். நம்ம குட்டியானை வண்டி பின்னாடிதான ரெண்டு பேரும் ஏறி நின்னுகினு ஒத்திகை பாப்பீங்க. சவுக்குக் கொம்பு மேல ஒரு கால், வண்டி ஓரத்துல ஒரு கால். "கதவத் தொறங்க, நான் இங்கதான் குந்திகினு இருந்தேன், எழுப்பி அனுப்பிட்டாங்க, ஒரே ஒரு ராத்திரி தங்கிட்டுப் போறேன்"னு நீ சொல்லுவ. "ஃபிளாட் நம்பர் இன்னா?"ன்னு அவன் வெறப்பா கேப்பான். நான் வண்டிக்குள்ளயே சிரிப்பேன். எனக்கே எல்லா வசனமும் மனப்பாடம் ஆயிடுச்சி.

அந்த நாயித்துக்கெழமதான் முழுசா சொன்ன. கேன்டீன் செவுத்துல நீங்க ஒட்டுன போஸ்டர் மேலயே டான்சு பசங்க அவங்க போஸ்டர ஒட்டிட்டாங்க. கிளாஸ் கிளாஸா போயி கூப்ட்டா, "கண்டிப்பா வர்றோம் மச்சான்"னு தலயக் கூட நிமுத்தாம சொல்றாங்க. இன்ஸ்டாவுல வீடியோ போட்டா கட்டவெரலு காட்றாங்க, அதோட சரி. வினோத்து வாச்மேன் சட்டையப் போட்டுகினு, வாயில விசில வெச்சிகினு, காலேஜி பஸ் நிக்கற எடத்துல நின்னு, எறங்கற ஒவ்வொருத்தனயும் மடக்கி, "யார் வூட்டுக்குப் போறீங்க? கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போங்க"ன்னு அலம்பல் பண்ணானாமே. ஒரு வாத்தியாரு நெசமாவே புது வாச்மேன்னு நெனச்சி கையெழுத்துப் போட்டுட்டுப் போனாராமே. அத சொல்லும்போது மட்டும் நீ சிரிச்ச. அப்பால மறுபடியும் மொகம் வுழுந்துடுச்சி. போன வருசம் காலி சேருங்களுக்கு முன்னாடி ஆடுனீங்களாம். இந்த தபாவும் ஹாலு ரொம்பலன்னா, அடுத்த வருசத்துலேர்ந்து நாடகம்ங்கறதே காலேஜில கெடயாதுன்னு நாடகத்தப் பாத்துக்கற சாரு கண்டிசனா சொல்லிட்டாராம். "நமக்குப் பின்னாடி வர்ற பசங்களுக்கும் சேத்து மூடிட்டுப் போறோம்பா"ன்ன.

என் புள்ள கூப்ட்டு ஆளு வரலன்னா எனக்கு எப்பிடி இருக்கும்? உன் கண்ணு ரொம்பிகினு கீது, எனக்கு ஒண்ணும் செய்யத் தெரியல. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். நம்ம பக்கம் இன்னா விசேசம்னாலும் பேனர். காது குத்தலுக்கு பேனர், மஞ்சத் தண்ணிக்கு பேனர், செத்தாலும் பேனர். கார்டு குடுத்துக் கூப்டாத சொந்தம்கூட பேனரப் பாத்துட்டு வந்து சாப்டுட்டுப் போவும். நான் நேரா உன் மாமன் தேசிங்கு கடைக்குப் போனேன். உங்கம்மா கூடப் பொறந்தவனாச்சே, அவன் கடையிலதான் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் பேனர் அடிக்கறாங்க. அவன் வேலையப் பத்தி உனக்குத் தெரியாதா. கிளியனூரான் பேத்தி காது குத்தலுக்கு வேற எவன் வூட்டுக் கொழந்தையவோ போட்டு அடிச்சிட்டான். பந்தி முடியற வரைக்கும் ஒருத்தனும் கண்டுபிடிக்கல. காது குத்துன கொழந்தையோட அப்பனே அது முன்னால நின்னு போட்டோ எடுத்துகினான்.

தேசிங்கு விசயத்தக் கேட்டதும், "நம்ம புள்ளைக்கா? அசத்திடலாம் மச்சான்"னான். பெருசா அடிக்கணும்னா நம்ம சாதி சங்கத்துக்காரங்க மூஞ்சியெல்லாம் கீழ வரிசையா வெக்கணும், அதான் மொறன்னான். நம்ம ஊரு வழக்கம் அதுதான. யாரு யாரு கூட நிக்கறாங்களோ அவங்க மூஞ்சியெல்லாம் வரணும், நாளைக்கு ஒண்ணுன்னா அவங்கதான் வருவாங்க. நானும் சரின்னேன். உன் போட்டோ கேட்டான். என் போன்ல சதுரங்கப்பட்டினம் கோட்டை செவுத்தாண்ட எடுத்தது ஒண்ணு இருந்துது. நீயும் வினோத்தும் நிக்கறீங்க. அவன் கை உன் தோள்மேல கீது, கையில அந்த இரும்புக் காப்பு. நீ சிரிக்கற சிரிப்பு அந்த மாதிரி வேற எந்தப் போட்டோவுலயும் இல்ல. அதான் குடுத்தேன்.

"இது யாரு மச்சான் கூட?"ன்னான். வினோத்து, நம்ம புள்ள சிநேகிதன், நாடகத்துல பாதி அவன்தான்னேன். "எந்த ஊரு?"ன்னான். ஊரச் சொன்னேன். "ஊரா, காலனியா?"ன்னான். சொன்னேன். அவன் தப்பா ஒரு வார்த்த பேசல நைனா. பேசியிருந்தா நான் எதுனா பதில் சொல்லியிருப்பேனோ இன்னாவோ. கம்ப்யூட்டர் மவுச ரவ அப்பிடி இழுத்தான், "எடம் இல்ல மச்சான், கீழ இத்தினி பேர வெக்கணுமே"ன்னான். வினோத்து மூஞ்சி போயிடுச்சி, ஒடம்பு போயிடுச்சி. கை மட்டும் உன் தோள்மேலயே நின்னுகினு இருந்துது. அத வெட்டுனா உன் தோள் போயிடும்னு அப்பிடியே வுட்டான். டீ வந்துது. குடிச்சேன்.

உன் பின்னாடி ஒரு சிங்கம். மேல "கலைச்சிங்கமே வருக வருக"ன்னு. கீழ துண்டு போட்ட மூஞ்சிங்களா வரிசையா. நாடகத்து பேரு ஒரு மூலையில பொடி எழுத்துல. விடியக்காலையில நல்ல சவுக்குக் கொம்பா நானே பொறுக்கி எடுத்துகினு போயி, காலேஜி கேட்டுக்கு எதுத்தாப்புல ரோட்டோரம் நட்டேன். இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சிக்காத. தூர நின்னு பாத்தப்ப எனக்கு ரொம்ப சந்தோசமா இருந்துது. இன்னிக்கும் கண்ண மூடுனா அது நல்லாதான் கீது. அதுதான் எனக்கு பேஜாரா கீது.

காலையில பஸ்ஸுங்க வந்துது. பசங்க கும்பல் கூடுச்சி, போட்டோ எடுத்துது, சிரிச்சிது. ஆளு பாக்கறாங்கடான்னு நான் டீக்கடையில நின்னு பாத்துகினு இருந்தேன். கொஞ்ச நேரத்துல சிரிப்பு நின்னு சத்தம் வேற மாதிரி ஆயிடுச்சி. "காலேஜி நாடகத்துக்கு இவனுங்க யாருடா?"ன்னு ஒருத்தன் கேக்கறான். "எங்காளுங்கதான், உனக்கு இன்னாடா வலிக்குது?"ன்னு இன்னொருத்தன். நீ ஓடியாந்த. பேனரயே பாத்துகினு நின்ன. உன் பின்னாடியே வினோத்து வந்தான். வாச்மேன் சட்டையோடதான் இருந்தான், அன்னிக்கும் பஸ்ஸ மடக்க வந்திருப்பான் போல. அவன் சிங்கத்தப் பாக்கல, எழுத்தப் படிக்கல. உன் தோளத்தான் பாத்தான். அப்பால தன் கைல இருந்த காப்ப ஒரு தபா பாத்தான். நான் அங்கியே இருந்தேன் நைனா, டீ கிளாச வெச்சிகினு. ஓடிப் போயி எதுனா சொல்லணும்னு காலு வருது. ஆனா கிளாசக் கீழ வெக்கல.

காலேஜி பிரின்சிபால் மேடம் என்ன ரூமுக்குக் கூப்ட்டாங்க. மரியாதையாத்தான் பேசுனாங்க. "பெரியவரே, நீங்க ஆசைல செஞ்சிருக்கீங்க, புரியுது. ஆனா ரெண்டு பக்கமும் பசங்க கூடிட்டாங்க. உங்க பையன் மேடையில ஏறினா அன்னிக்கு ஏதாவது ஆயிடும். ஒண்ணு அவன் விலகணும், இல்ல நாடகமே வேண்டாம்"னாங்க. பேனர நானே கயட்டிடறேன், என்ன இன்னா வேணா திட்டுங்க, புள்ளய வுட்டுடுங்கன்னு கும்புட்டேன். நீ பக்கத்துல நின்னுகினு, "கும்புடாதப்பா"ன்ன. அதுக்குள்ள தேசிங்கு கேள்விப்பட்டு சங்கத்து ஆளுங்கள வண்டில ஏத்திகினு வந்து கேட்டாண்ட எறங்கிட்டான். "எங்க புள்ள படத்த வெக்கறதுக்கு எவன்டா தடுக்கறது?"ன்னு ஆரம்பிச்சிட்டான். நாளைக்கு ஒண்ணுன்னா நிப்பாங்கன்னு சொன்னானே, நின்னாங்க. "மாமா, உன் கால்ல வேணா வுழறேன், போயிடு மாமா"ன்னு நீ சொன்னது ரோட்டுக்கே கேட்டுது. அவன் போறப்ப என்னப் பாத்து, "இன்னா புள்ளய பெத்து வெச்சிருக்க மச்சான்"னுட்டுப் போனான்.

நான் கொம்பப் புடுங்கி வண்டில போட்டுகினு இருந்தப்ப நீயும் வினோத்தும் வண்டிக்குப் பின்னாடி பேசிகினது எனக்குக் கேட்டுது. கேக்கணும்னு கேக்கல.

"ஏரிய நீ பண்ணுடா"ன்ன நீ. "வாச்மேனுக்கு ரெண்டாவது வருசத்துப் பையன் ஒருத்தன் கீறான், எல்லாம் தெரியும் அவனுக்கு."

"கைய மட்டும் எடுத்துகினீங்க. இப்ப முழு ஆளும் வோணுமா மச்சான்?"னான் அவன்.

"எனக்குத் தெரியாதுடா. சத்தியமா."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

"நாடகம் நம்மதுடா"ன்ன.

"அப்பிடின்னு எங்கயும் போடலியே"ன்னான். அப்பால சொன்னான், "பண்றேன். உனக்காவ இல்ல. பாதி எழுதுனது நான்."

நாடகத்தன்னிக்கு அம்மாவ இட்டுகினு வரல. நான் மட்டும் வந்தேன். ஹாலு வாசல்ல வாலண்டியர் பொண்ணு என்ன அடையாளம் தெரியாம, "எடம் இல்லீங்க, பின்னாடி நின்னுக்கறீங்களா?"ன்னுச்சி. நைனா, ஹாலு ரொம்பி வழிஞ்சிது. படிக்கட்டுல, சன்னல்ல, மேடைக்கு கீழ தரையில எல்லாம் பசங்க. சண்டை வருமான்னு பாக்க வந்தவன், எவன் இந்த கலைச்சிங்கம்னு பாக்க வந்தவன், பேனர போன்ல பாத்துட்டு வந்தவன்னு எல்லாருமே வந்தாங்க. வினோத்து ஒடம்பெல்லாம் தண்ணி மாதிரி ஊதாச் சாயம் பூசிகினு வந்து நின்னான். "கதவத் தொறங்க"ன்னான். அவன் நல்லா பண்ணான். நீ பண்றத வுட நல்லா பண்ணான், பொய் சொல்ல மாட்டேன். எழுப்பி அனுப்பிட்டாங்கன்னு அவன் சொன்னப்ப ஒரு சத்தம் இல்ல ஹாலுல. நான் செவுத்தோரமா நின்னுகினு வசனத்துக்கெல்லாம் வாய அசச்சிகினு இருந்தேன். பக்கத்துல நின்ன பையன், "இன்னாங்க, உங்க பையனா?"ன்னான், மேடையக் காட்டி. இல்லன்னேன். அது மட்டும்தான் சொன்னேன்.

வெளிய வந்தேன். உன்ன கேட்டுக்குள்ள வர வோணாம்னு சொல்லிட்டாங்க, நீ நம்ம வண்டிமேல சாஞ்சிகினு நின்ன. கைதட்டல் அங்க வரைக்கும் கேட்டிருக்கும். "ஆளு வந்தாங்களாப்பா?"ன்ன. நின்னுகினு பாத்தாங்க நைனான்னேன். "உன் பேனர் வேல செஞ்சிடுச்சிப்பா"ன்ன. சிரிச்சிகினேதான் சொன்ன. குத்திக் காட்டுனியா, நெசமாத்தான் சொன்னியான்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியல. அப்பால வினோத்து பசங்களோட வெளிய வந்தான், கழுத்துல சாயம் போவாம. உன்னப் பாத்தான். நீயும் பாத்த. பஸ்ஸு வந்துது, ஏறிட்டான். அதுக்கு முன்னாடி ஒரு நாளும் நீங்க தனித்தனியா வூடு வந்தது கெடயாது.

உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். நீ ஊருக்குப் போனப்புறம் நான் வினோத்து வூட்டுக்குப் போனேன். காலனி முனையில வண்டிய நிறுத்திட்டு ரொம்ப நேரம் உள்ளயே குந்திகினு இருந்தேன். அவங்கப்பாதான் பாத்துட்டு வந்து, "வாங்கண்ணா, ஏன் இங்கியே நிக்கறீங்க"ன்னு இட்டுகினு போனாரு. அவன் மெட்ராசுல வேலைக்குப் போறானாம், வூட்டுல இல்ல. நாக்காலியத் தொடச்சிப் போட்டாங்க. நான் மன்னிப்புக் கேக்கத்தான் போனேன் நைனா. வாயத் தொறந்தா, "வைக்கப் போரு எதுனா விலைக்கு வருமா?"ன்னு வருது. அவரு பதில் சொல்லிகினே எழுந்து செருப்பப் போட்டுகினு கடைக்குப் போயி, கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒண்ணு வாங்கியாந்து மூடியத் தொறக்காம அப்பிடியே குடுத்தாரு. வூட்டுல தண்ணி இருந்துது. அடுப்புல டீ கொதிச்சிகினு இருந்துது, வாசன வந்துது. நான் குடிக்க மாட்டேன்னு அவங்களா நெனச்சிகினாங்க. அந்த டீய குடுங்கண்ணான்னு நான் கேட்டிருக்கலாம். அந்த ஒரு வார்த்த வரல. பாட்டில முழுசா குடிச்சிட்டு, வர்றேன்னுட்டு வந்துட்டேன். அவரு வண்டி வரைக்கும் வந்து, "தம்பிய கேட்டதா சொல்லுங்க"ன்னாரு. சொல்லிட்டேன் இப்ப.

அப்பன்னா புத்தி சொல்லணும்பாங்க. எங்கிட்ட இன்னா கீது சொல்றதுக்கு? யாருக்காச்சும் ஒத்தாசை பண்ணப் போனா, மொதல்ல அவங்கள ஒரு வார்த்த கேட்டுக்கோ. எடம் இல்லன்னு எவனாச்சும் சொன்னா, டீ குடிச்சிகினு இருக்காத. இது ரெண்டுதான். இதுவும் உனக்கு ஏற்கனவே தெரிஞ்சதுதான், எனக்குத்தான் லேட்டாத் தெரிஞ்சிது. வினோத்துக்கு நீ போன் பண்றியா, அவன் எடுக்கறானான்னு நான் கேக்க மாட்டேன். அத சரி பண்ண என்னால ஆவாது. நான் கைய வெச்சா இன்னும் கெடும்.

போன வாரம் நீ அம்மாகிட்ட பேசிகினு இருந்த. அவ எப்பவும் போன ஸ்பீக்கர்லதான போட்டு அடுப்பு மேடைமேல வெப்பா. நான் பின்பக்கம் கை கழுவிகினு இருந்தேன். நீ அங்க ஆபீசு முடிஞ்சி ராவுல ஒரு குழுவோட சேந்து மறுபடியும் நாடகம் போடறன்ன. எந்த ஊரு, எந்தக் கெழம, எந்த மண்டபம், எல்லாம் காதுல வுழுந்துது. "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா"ன்ன. அதுவும் வுழுந்துது. நான் கொழாய மூடாம அங்கியே நின்னுட்டேன். அம்மாவுக்கு எனக்குத் தெரியும்னு தெரியாது. நீயும் சொல்லாத, பாவம், ரகசியம் காக்கறோம்னு நெனச்சிகினு கீறா.

நேத்து கடையாண்ட நாலு பேரு, "பையன் இன்னா பண்றான் அண்ணாத்த?"ன்னு கேட்டாங்க. வேலைக்குப் போறான்னேன். தொண்ட வரைக்கும் வந்துது, என் புள்ள நாடகம் போடறான்டா, எல்லாரும் வண்டில ஏறுங்கடான்னு. முழுங்கிட்டேன். உனக்காவ நான் செய்யக்கூடிய வேல இப்ப இது ஒண்ணுதான், வாய மூடிகினு இருக்கறது. லோடு ஏத்தறத வுட கஷ்டமா கீது நைனா. ஆனா செய்வேன். நான் வர மாட்டேன், யாரயும் அனுப்ப மாட்டேன்.

அன்னிக்கு நாடகம் முடிஞ்சதும் அம்மாவுக்கு மட்டும் ஒரு போன் போட்டுடு. ஆளு வந்தாங்களா இல்லியான்னு அவகிட்ட சொல்லு. அவ என்கிட்ட சொல்ல மாட்டா. சோறு போட வருவா இல்ல, மூஞ்சப் பாத்து நான் தெரிஞ்சிக்கிறேன்.